எல்லாருக்கும் கேட்டால்தான் காசு

அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நான். என் வீட்டுக்காரர். அவருடைய அக்கா ராஜம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, அவரை நாங்கள் எல்லோரும் மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். கணினியைப் பழுது பார்க்க வந்த தம்பி. பிறகு, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து ரப்பர் விதைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த என் மகள் பவானி. அவளுக்கு அப்போது நான்கு வயது நடந்துகொண்டிருந்தது. ஆக மொத்தம் ஆறு பேர். வாசற்படியில் மக்சிக்கின் கோழி ஒன்றும் நின்றது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தத் தம்பியின் பெயரை எழுதப் போவதில்லை. இப்போது எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று தெரியாத ஒருவரின் பெயரை எழுதிவைக்க எனக்குப் பயம். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான். அடுப்பு வாயுவை அடைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய்ப் பள்ளியின் புகுமுக வகுப்பில் நாலு மாதம் உட்கார்ந்தேன். வாத்தியார் பேசுவது புரியவில்லை, புரியவில்லை என்று சொல்லவும் பயம். அதோடு நின்றுவிட்டேன். ஆகையால் இதில் கணினியைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் அவர் எனக்குச் சொல்லிப் புரிந்த அளவுதான்.

ஒல்லியான ஆள். கழுத்தில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் விளக்கைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார். சுங்கை காடுட்டில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. அங்கே நாள் முழுக்க மின்சுற்றுப் பலகைகளாக வரும். ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்து, கழற்றி, அடுத்ததற்குத் தள்ளவேண்டும். லீவு நாட்களில் மோட்டார் சைக்கிளில் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய் வானொலி, ஒலிபெருக்கி, பிறகு கணினி என்று பழுது பார்ப்பார். வேலையைத் தொடுவதற்கு முன்பே கூலியைச் சொல்லிவிடுவார். சொல்லும் விதம் எப்போதும் ஒன்றுதான்.

"முப்பத்தஞ்சு வெள்ளிக்கா. சத்தம் வந்தாத்தான். வீட்டுல உள்ள எல்லாருக்கும் கேட்டாத்தான்."

எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும்தான். சத்தம் வந்த பிறகு ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தனித்தனியாகக் கேட்பார். "உங்களுக்குக் கேக்குதாண்ணே? உங்களுக்கு? குசினியில இருக்கிறவங்களுக்கு?" அடுப்படியில் இருப்பவர் வெளியே வந்து தலையாட்டும் வரைக்கும் காசை வாங்கமாட்டார். இதைத் தோட்டத்தில் கேலி செய்வார்கள். எனக்கும் அப்போது அது ஒரு வகைக் கோணல் என்றுதான் பட்டது.

ஆறுதல் வார்த்தை என்பது அவர் வாயிலிருந்து வராது. பழுது பார்க்க வருகிறவரிடம் நாம் எதிர்பார்ப்பது பாதி வேலை, பாதி ஆறுதல். "இதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, அஞ்சு நிமிசம்" என்று அவர் ஒரு முறையாவது சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு பெண் வீட்டார் கல்யாணத்துக்கு முதல் நாள் ஒலிபெருக்கியைச் சரி பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார், பாடியது. பெண்ணின் அப்பா, "நாளைக்கும் பாடும்ல தம்பி?" என்றார்.

"தெரியலண்ணே. இப்பப் பாடுது."

"என்னப்பா, நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லேன்."

"நாளைக்குக் காலையில வந்து பாத்துச் சொல்றேண்ணே."

சொன்னபடி முகூர்த்தத்துக்கு முன்னால் வந்து, பார்த்து, "இப்பவும் பாடுது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போனார். அதிலிருந்து அவருக்குத் 'தெரியல தம்பி' என்று பெயர் விழுந்தது.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூங்கில் கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டு, கோயில் தலைவரை மைக்கில் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார். தானே நடந்து கடைசி லயத்து வீட்டு வரிசை வரைக்கும் போனார். தலைவர் அலோ அலோ என்று சொல்லிச் சொல்லிச் சலித்து, பக்த கோடிகளைப் பத்து முறை வரவேற்று, கடைசியில் தன் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வெற்றிலை கொண்டுவரச் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. தம்பி திரும்பி வந்தார்.

"கடைசி வீட்டுப் பெரியவருக்குக் கேக்கல."

கூட்டம் சிரித்தது. "அடேய், அந்தாளுக்குக் காது செத்து எத்தனையோ வருசமாச்சுடா!"

"அது எனக்குத் தெரியாது. நான் போயிக் கேட்டேன், இல்லன்னாரு."

சிரிப்பு அடங்கிய பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பெரியவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து கம்பத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அவர் உள்ளங்கையை எடுத்துக் கம்பத்தின் மேல் வைத்து அழுத்தினார். உறுமி மேளம் ஆரம்பித்தபோது பெரியவரின் முகம் மெல்ல மாறியது. "உறுமி" என்றார். பூசை முடியும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. நான் இடுப்பில் பவானியை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவளும் பார்த்தாள்.

அப்போது நாங்கள் தோட்டத்தில்தான் இருந்தோம். பலகை வீடு. தூண்களின் மேல் நிற்கும் வீடு, தரையும் பலகை. யார் வாசல் படியில் கால் வைத்தாலும் அடுப்படி வரைக்கும் அதிரும். பவானி நல்ல சுறுசுறுப்பு. அப்பா வெளிப்படியில் பூட்சைக் கழற்றிப் போட்டால் உள்ளறையிலிருந்து ஓடி வருவாள். நான் பின்னால் வந்தால் திரும்பிப் பார்ப்பாள். பேச்சு மட்டும் வரவில்லை. அதற்கு எல்லாரிடமும் ஒரு பதில் இருந்தது. அப்பன் பேசினதே நாலு வயதில்தான் என்றார் ராஜம் அண்ணி. வசம்பைச் சுட்டு, தேனில் குழைத்து நாக்கில் தடவினோம். மந்தின் பக்கம் ஒரு கோயிலில் மணி வாங்கிக் கட்டினோம். "பேசும், பேசும். பேசினா அப்புறம் வாயை மூட முடியாது, பாரு" என்று எல்லாரும் சொன்னார்கள். எதற்கும் பயப்படுகிற நான், அந்த ஒரு விஷயத்தில் எல்லாரும் சொன்னதை நம்பினேன். அவ்வளவு பேர் சொன்னார்கள்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். நீலாய்ப் பக்கம் புது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். எங்களுக்கும் ஒரு வரிசை வீடு கிடைத்தது. சிமெண்டுத் தரை. குடி வந்த மாதத்திலேயே பவானி மாறிவிட்டாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. அப்பா பூட்சைக் கழற்றினாலும் வருவதில்லை. பின்னால் போய்த் தொட்டால் அலறினாள். பழைய வீட்டு ஏக்கம் என்றார்கள். புது வீட்டில் ஏதோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்றார்கள். திருஷ்டி சுற்றிப் போட்டோம். பிடிவாதம் என்று அவள் அப்பா ஒரு நாள் அடித்தும்விட்டார்.

கணினி வந்தது அந்தச் சமயத்தில்தான். தோட்ட அலுவலகத்தை மூடியபோது சாமான்களை விற்றார்கள். கிராணி உட்கார்ந்து சம்பளக் கணக்குப் போட்ட பெட்டியை என் வீட்டுக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பசார் மாலாம் இரவுச் சந்தையில் குழந்தைப் பாட்டுத் தட்டு ஒன்றும் வாங்கினார். அதில் யானை ஆடும், எழுத்து வரும், பாட்டு வரும். "இதைப் பாத்துப் பாத்துப் பேசிடுவா பாரு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு குழந்தை பேசுவதற்கு அதன் காதில் பேச்சு விழவேண்டும், நாங்கள் இரண்டு பேரும் வேலை வேலை என்று அலைகிறவர்கள், இது விடாமல் பேசுமே என்று. பொருத்திப் பார்த்தால் யானை ஆடியது, எழுத்து வந்தது. சத்தம் வரவில்லை. அந்தச் சத்தம் வந்துவிட்டால் என் மகள் பேசிவிடுவாள் என்று அன்றைக்கு எனக்குள் எப்படியோ முடிச்சு விழுந்துவிட்டது. 'தெரியல தம்பி'க்கு ஆள் அனுப்பினோம்.

முதல் நாள் வந்தவர் பெட்டியைத் திறப்பதற்கு முன், நான் தூரப் போய் நிற்கவேண்டுமா என்று கேட்டேன். சாக்கடிக்கும் என்று பயம்.

"பிளக்கைப் புடுங்கியாச்சுக்கா."

"வெடிக்காதுல்ல தம்பி?"

"இதுவரைக்கும் வெடிச்சதில்ல."

பவானி மட்டும் பயப்படவில்லை. மின்சாரம் போட்டபோதெல்லாம் வந்து பெட்டியின் தகரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே காற்றாடி ஓடும் அதிர்வு அவளுக்குப் பிடித்திருந்தது. அவளை அவர் விரட்டவில்லை. ஒரு முறை அவளையும், அவள் கையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

திரையில் இந்தப் பெட்டிக்குள் இருக்கும் சாமான்களின் பட்டியல் ஒன்று வருமாம். அதில் சத்தத்துக்கான சாமானே இல்லை. ஆனால் டார்ச்சைக் கடித்துக்கொண்டு உள்ளே தலையை விட்டுப் பார்த்தபோது, பெரிய பலகையின் மூலையில் அதற்கான சில்லு உட்கார்ந்திருந்தது.

"இருக்குக்கா. ஆனா இருக்குறதா இவனுக்குத் தெரியாம வெச்சிருக்காங்க."

பலகையில் மூன்று ஊசி மாதிரிக் கம்பிகள், அவற்றில் இரண்டை மூடினாற்போல் ஒரு துளிப் பிளாஸ்டிக் தொப்பி. அந்தத் தொப்பி எந்த இரண்டின் மேல் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி சத்தம் திறக்கும் அல்லது மூடும். ஆபீசில் யாரும் பாட்டுக் கேட்கக்கூடாது என்று யாரோ அதை மூடும் பக்கம் மாட்டியிருக்கிறார்கள். சாமணத்தால் எடுத்து மாற்றி மாட்டினார். இப்போது பட்டியலில் மஞ்சள் கேள்விக்குறியோடு ஒரு வரி வந்தது.

"இப்ப ஏதோ ஒண்ணு இருக்குன்னு கண்டுக்கிட்டான். அதை எப்படி வேலை வாங்குறதுன்னு தெரியல. அதுக்கு டிரைவர் வேணும்."

"நான் ஒரு டிரைவர் இங்கதானலா நிக்கிறேன்!" என்றார் லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர். அவர் நல்ல மனநிலையில் இருந்த கடைசி நாட்களில் அது ஒன்று.

சில்லின் மேல் பொடி எழுத்தில் இருந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். நீலாயில் கல்லூரிப் பக்கத்துக் கடையில் இணையத்தில் தேடி இறக்கி வருகிறேன் என்றார். "கிடைச்சிருமா?" என்றேன். "தெரியலக்கா" என்றார். அடுத்த லீவுக்குத்தான் வந்தார். இரண்டு டிஸ்கெட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மழைக்குப் பயந்து சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

நான் முதலில் சொன்ன அந்த நாள் இதுதான்.

டிஸ்கெட்டுகளை ஒன்று மாற்றி ஒன்று போட்டார். மஞ்சள் குறி மறைந்தது. ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. "ஒழுங்கா வேலை செய்யுதுன்னு போட்டிருக்கான்" என்று படித்துச் சொன்னார். சத்தம் வரவில்லை.

"அதான் வேலை செய்யுதுன்னு போட்டிருக்கானே, அப்புறம் என்ன?" என்றார் ராஜம் அண்ணி.

"அவன் சொல்றான். நமக்குக் கேக்கலையே."

பிறகு ஒவ்வொன்றாக மாற்றினார். முதலில் ஒலிபெருக்கியின் வயர். அதைப் பழையபடி வைத்துவிட்டு, ஒலிபெருக்கி. அதையும் பழையபடி வைத்துவிட்டு, அடுத்தது. "ஒரு நேரத்துல ஒண்ணுதான்க்கா மாத்தணும். ரெண்டை மாத்திட்டா எது காரணம்னு தெரியாமப் போயிரும்." மக்சிக் வாழைப்பழப் பலகாரம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் கொண்டுவந்து, கொடுக்கலாமா என்று காத்து நின்றார். கடைசியில் தம்பி இன்னொரு சின்ன அட்டையைத் தொட்டுக் காட்டினார். ஆபீசில் மற்றப் பெட்டிகளோடு இதை இணைத்துவைத்த அட்டை. இப்போது அதற்கு வேலை கிடையாது.

"இவனுக்கும் சத்தத்துக்கும் ஒரே நம்பர் விழுந்திருக்கு. பெரட்டுல ரெண்டு பேருக்கு ஒரே நெரையைக் குடுத்துட்டா என்ன ஆகும்?"

"மண்டோருக்கு அடி விழும்" என்றார் என் வீட்டுக்காரர்.

காலைப் பெரட்டில், ஆள் எடுப்பில், ஒரே ரப்பர் மர வரிசையை மண்டோர், அதாவது கங்காணி, இரண்டு பேருக்குக் கொடுத்தால் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு நிற்பார்கள். பால் இறங்காது. எங்களுக்கு அது உடனே விளங்கியது. அந்த அட்டையைக் கழற்றினார். ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்தபடியே மின்சாரத்தைப் போட்டார்.

கணினி தொடங்கும்போது ஒரு இசை வரும் அல்லவா? அது அந்தச் சின்ன முன்னறையில் இடி மாதிரி விழுந்தது. மக்சிக் "ஓபோச்சோட்!" என்று கத்தித் தட்டை உதற, பலகாரம் பறந்தது. ராஜம் அண்ணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "முருகா" என்றார். என் வீட்டுக்காரர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். தம்பியே ஒரு எட்டுப் பின்வாங்கினார். வாசலில் நின்ற கோழி இறக்கையை அடித்துக்கொண்டு ஓடியது. அப்புறம் எல்லாரும் சிரித்தோம். மக்சிக் தன்னைத்தானே திட்டிக்கொண்டு சிரித்தார். எவ்வளவு நாள் கழித்து அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு.

தம்பி சிரிக்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பவானி எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, இன்னொரு விதையை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தாள். அது நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

அவர் கணினியை மறுபடி அணைத்துப் போட்டார். மறுபடி அந்த இடி. மறுபடி ஒரு விதை. நாங்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினோம். அவர் குனிந்து அவளைத் தூக்கினார். பாட்டுத் தட்டைப் போட்டு, அவள் கையை மேசைப் பலகையில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தார். பவானி கலகலவென்று சிரித்தாள்.

"பாருங்க, பாட்டுன்னா எப்படிச் சிரிக்குது!" ராஜம் அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எனக்கு ஒரு நிமிசம் என்னமோ ஆயிருச்சு."

தம்பி ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் மேசையிலிருந்து தூக்கி மேலே பிடித்தார். பாட்டு நிற்கவில்லை. எங்களுக்கு நன்றாகக் கேட்டது. பவானியின் சிரிப்பு நின்றது. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒலிபெருக்கியை மேசையில் வைத்தார், சிரித்தாள். தூக்கினார், தேடினாள்.

பலகை வீட்டில் அவள் திரும்பிப் பார்த்தது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"பாட்டுக்கு இல்லைங்க" என்றார் தம்பி. "பாப்பாவுக்குக் கேக்கல."

என் வீட்டுக்காரர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து நீட்டினார். "வேலை முடிஞ்சிருச்சுல்ல? இந்தா, முப்பத்தஞ்சு."

"எல்லாருக்கும் கேட்டாத்தாண்ணே காசு."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் அதைக் கேட்ட ஒரு தகப்பனுக்கு அது எப்படி விழும்?

"கம்ப்யூட்டர் பாக்க வந்தியா, எம்புள்ளையைக் குத்தம் சொல்ல வந்தியா? போடா வெளியே!"

"நல்லாயிருக்கிற புள்ளைக்கு நோவு கட்டுறான் பாரு" என்று ராஜம் அண்ணியும் சேர்ந்துகொண்டார். மக்சிக் ஒன்றும் விளங்காமல் தரையில் கிடந்த பலகாரத்தைப் பொறுக்கினார். தம்பி சாமணத்தையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்து, "செரம்பான் பெரிய ஆசுபத்திரில காதைப் பாக்கச் சொல்லுங்கக்கா. சீக்கிரமா" என்றார். மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை வரைக்கும் எனக்குக் கேட்டது. பவானி விதை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆசுபத்திரியைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. கண்ணாடி அறைக்குள் அவளை உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஒரு காதில் ஒன்றுமே இல்லை, இன்னொன்றில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கருவி வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். கருவிக்குக் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருந்த மாதங்களில் வந்து போனவர்கள் எல்லாரும், "கவலைப்படாத, எல்லாம் சரியாயிரும்" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் பேசும் பேசும் என்று சொன்னதும் அதே வாய்கள்தானே. ஒவ்வொரு ஆறுதலும் கேட்ட அன்றைக்கு இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பலகைப் பெட்டி கட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்ததும் லாரியைக் கழுவ வெளியே போய்விட்டார்.

"பாத்தீங்களாக்கா?"

பார்த்ததைச் சொன்னேன். அவர் ஒரு சாமானைப் பற்றிக் கேட்பதுபோலவே கேட்டார். எந்தக் காது? எவ்வளவு மிச்சம்? தடித்த சத்தமா, மெல்லிய சத்தமா? எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகுதான் கவனித்தேன். அதுவரைக்கும் ஒருவர்கூட என்னிடம் எந்தக் காது என்று கேட்கவில்லை.

"சரியாயிருமா தம்பி?"

"தெரியலக்கா."

ஏனோ அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நான் அழுது முடித்ததும் அவர் சொன்னார், "எங்கப்பாவை ஆசுபத்திரிக்குக் கொண்டு போனப்ப ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு ஏழு பேரு என்கிட்ட சொன்னாங்க. நானும் வேலைக்குப் போயிட்டேன்." அவ்வளவுதான்.

பலகைப் பெட்டி உள்ளே வெற்றாக இருந்தது. மேல் பலகை மெல்லியது. அதற்குள் ஒலிபெருக்கியைக் கவிழ்த்து வைத்து, மேலே பவானியின் இரண்டு கையையும் வைத்தார். யானைப் பாட்டு அவள் முழங்கை வரைக்கும் ஏறியிருக்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஓடிப் போய்க் காசை எடுத்து வந்தேன்.

"இது கேக்கிறது இல்லக்கா" என்றார். "இதுக்குக் காசு கிடையாது."

அவர் கிளம்பும்போது மழை. வெளியே வந்து பார்த்தால் அவருடைய மோட்டார் சைக்கிள் விட்ட இடத்தில் இல்லை. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்துக்குள், நனையாமல், இருக்கையின் மேல் ஒரு சாக்கு போட்டு நின்றது. என் வீட்டுக்காரர் லாரிக்குள் உட்கார்ந்து முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. தொழிற்சாலையில் அவர் இருந்த பிரிவை மூடிவிட்டார்கள் என்றும், ஜொகூர் பக்கம் போய்விட்டார் என்றும் கேள்விப்பட்டோம். விசாரித்தபோது, "நல்லா இருப்பாருக்கா, அவருக்கென்ன" என்றார்கள். "நீங்க பாத்தீங்களா?" என்று நான் ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

கருவி வந்தது. மாட்டிய அன்றைக்கே பேசிவிடுவாள் என்று மறுபடியும் எல்லாரும் சொன்னார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முதல் வாரம் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். பிறகு அது இருப்பதை மறந்து விளையாடத் தொடங்கினாள். ஒரு நாள் மாலை என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து இறங்கி வந்து ஒலிபெருக்கியை மேசையிலிருந்து தூக்கினார். இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முன்னறையின் நடுவில் நின்றார். "போடு" என்றார் என்னிடம். ராஜம் அண்ணி இருந்தார். மக்சிக் வாசலில் இருந்தார். பவானி எங்களுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். கணினிக்கு மின்சாரத்தைப் போட்டுவிட்டு நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த இசை வந்தது. மக்சிக் இந்த முறையும் கத்தினார்.

பவானியின் கையில் இருந்த விதை வரிசைக்குப் போகாமல் நின்றது. அவள் திரும்பினாள். முதலில் தரையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். இரண்டிலும் ஒன்றும் இல்லை. பிறகு தலையை நிமிர்த்தி, அப்பாவின் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

அவர் கையை இறக்கவே இல்லை. ராஜம் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, முகத்தைப் பார்த்து, தனித்தனியாகக் கேட்டேன். உங்களுக்குக் கேட்டுச்சா அண்ணி? மக்சிக், டெங்கார்? உங்களுக்கு? எல்லாரும் தலையாட்டினார்கள்.

வீட்டில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. அந்தத் தம்பிக்கு நாங்கள் இன்னும் கொடுக்கவேண்டியது முப்பத்தைந்து வெள்ளி.